இரண்டு வகுப்பு தூரம்

2017ஆம் ஆண்டு இலங்கையின் தேசிய தடுப்பூசித் திட்டத்தில் ஒரு புதிய ஊசி சேர்ந்தது. தரம் 6 மாணவிகளுக்கு மட்டும், ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை, காசு இல்லாமல், பாடசாலைக்கே வந்து போடுவார்கள். அந்த வருடம் என் தங்கச்சி தரம் 6இல் இருந்தாள். நான் தரம் 8.

அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் அதற்குப் ‘பப்பாளி ஊசி’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பப்பிலோமா என்ற சொல் அவர்கள் வாயில் அப்படித்தான் ஆகியிருந்தது. அழுதவர் யார், மயக்கம் என்று சொல்லி மேசையில் படுத்துக்கொண்டவர் யார் என்று அன்று பின்னேரம் முழுக்க அவள் கதைகதையாகச் சொன்னாள். எங்கள் வகுப்புக்கு ஊசி இல்லை என்று தெரிந்தபோது நாங்கள் சந்தோஷப்பட்டோம். பதின்மூன்று வயதில் ஊசியில் இருந்து தப்புவது ஒரு பெருநாள்.

ஒரு திட்டம் தொடங்கும்போது எங்கேயாவது ஒரு கோடு கீறத்தானே வேண்டும். இலங்கை அந்தக் கோட்டைத் தரம் 6இல் கீறியது. கோட்டுக்கு மேலே நின்றவர்களில் நானும் ஒருத்தி. இன்று பல்கலைக்கழகங்களில் கடைசி வருடங்களில் இருப்பவர்கள், புதிதாகக் கலியாணம் முடித்தவர்கள், முதல் பிள்ளையை இடுப்பில் வைத்திருப்பவர்கள் என்று நம் கல்லூரியின் பழைய மாணவிகளில் பெரும்பகுதியினர் அந்தக் கோட்டுக்கு மேலே இருப்பவர்கள்தான்.

அந்த ஊசி எதற்கு என்று எனக்கு விளங்கியது ஏழு வருடம் கழித்து, மலேசியாவில். ஆனால் அதற்கு முன்பு சாச்சியின் கதையைச் சொல்ல வேண்டும்.

சாச்சி என் உம்மாவின் நேரிளைய தங்கச்சி. கல்முனைக் கரையோரத்தில் எத்தனையோ வீடுகளைக் கட்டியெழுப்பிய பெண்களைப் போல அவவும் வெளிநாட்டுக்குப் போனவ. குவைத்தில் எட்டு வருடம் வீட்டு வேலை. மகளுக்கு இரண்டு வயதாக இருக்கும்போது மூத்தம்மாவிடம் விட்டுவிட்டுப் போய், இடையில் இரண்டு தடவை வந்து, 2018இல் ஒரேயடியாகத் திரும்பினா. வீட்டுக்கு மேல்தட்டுப் போட்டாச்சு, கிணற்றுக்கு மோட்டர் வைத்தாச்சு, இனிப் போவதில்லை என்றா.

வெளிநாட்டு வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இங்கே மெடிக்கல் எடுப்பார்கள். நெஞ்சுக்கு எக்ஸ்ரே, எச்.ஐ.வி., ஈரல் அழற்சி, கர்ப்பமா இல்லையா என்றெல்லாம் பார்ப்பார்கள். யோசித்துப் பாருங்கள், அந்தப் பரிசோதனை யாருக்காக? போகிற நாட்டுக்காகவும் எடுக்கிற வீட்டுக்காகவும். போகிற பெண்ணின் கருப்பைக் கழுத்து எப்படி இருக்கிறது என்று பார்ப்பது அந்தப் பட்டியலில் இல்லை. அது அவளுடைய உயிர்ப் பிரச்சினை, எஜமானின் பிரச்சினை அல்ல.

அதைப் பார்ப்பதற்கு நம் நாட்டில் வேறோர் ஏற்பாடு இருக்கிறது. 1996 முதல் நடக்கும் சுகவனிதையர் கிளினிக். 35 வயதாகும் பெண்களை மிட்வைப் பெயர் சொல்லி அழைப்பா. பிறகு 45 வயதுக்காரிகளையும் சேர்த்தார்கள். பெப் பரிசோதனை என்று ஒன்று செய்வார்கள், காசில்லை, சில நிமிட வேலை. சாச்சிக்கு 35 ஆனது 2010இல். அப்போது அவ குவைத்தில் யாருடைய சமையலறையிலோ நின்றா. மிட்வைப் வீட்டுக்கு வந்து கேட்டிருந்தாலும், ‘ஆள் வெளிநாட்டில்’ என்றுதான் மூத்தம்மா சொல்லியிருப்பா. 45ஐ அவ காணவில்லை.

நோய் தெரிந்தது 2019இல், 44 வயதில். அதற்கு முன்பே எத்தனை மாதம் இரத்தம் பட்டது என்று அவ யாருக்கும் சொல்லவில்லை. நிற்கிற வயசுதானே என்று நினைத்ததாக உம்மாவிடம் மட்டும் பிற்பாடு சொன்னாவாம். கல்முனையில் இருந்து இரவு பஸ்ஸில் ஏறி, விடியப் போய் மகரகமவில் இறங்கி, வரிசையில் நின்று, கதிர்ச் சிகிச்சை முடித்து வாப்பாவும் உம்மாவும் மாறி மாறிக் கூட்டிவந்தார்கள். ஊரில் யார் கேட்டாலும் ஒரே பதில்தான். “வயித்துக்குள்ள ஒரு கட்டி.”

வீட்டில் கொஞ்சம் இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவள் என்று அட்டையை ஒருநாள் என்னிடம் தந்தார்கள். ‘செர்விக்ஸ்’ என்ற சொல்லை அதில் கண்டேன். அகராதியில் பார்த்தால் ‘கழுத்து’ என்று போட்டிருந்தது. சாச்சிக்குக் கழுத்தில் ஒரு நோவும் இல்லையே என்று கேட்டேன். உம்மா அட்டையை வாங்கி உறைக்குள் வைத்துவிட்டா. “போய்ப் படி மகள்” என்றா. 2020 ஜனவரியில் சாச்சி வபாத்தானா. அல்லாஹ் அவவுக்கு சுவனத்தைக் கொடுக்கட்டும்.

இனி மலேசியா. கோலாலம்பூருக்குப் பக்கத்தில் கோம்பாக்கில் இருக்கும் சர்வதேச இஸ்லாமியப் பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனேன். நம் கரையோர ஊர்களில் இருந்து அங்கே பலர் போயிருக்கிறார்கள், அதனால் புதிய இடம் என்ற பயம் பெரிதாக இருக்கவில்லை. முதல் மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து ஒரு கிளினிக்கில் இருந்தபோது எதிர்ச் சுவரில் ஒரு சுவரொட்டி. தூடுங் போட்ட ஒரு தாயும் மகளும் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். மேலே பெரிய எழுத்தில் ‘கன்சர் பங்கால் ராஹிம்’. கன்சர் விளங்கியது. பங்கால் என்றால் அடி, தொடக்கம் என்று மலாய் வகுப்பில் படித்திருந்தேன். ராஹிம் என்ற சொல்லில் கண் நின்றது. ரஹ்மான், ரஹீம் என்று நாம் நாளெல்லாம் ஓதுகிற அதே வேர்ச்சொல். மலாய்க்காரர்கள் கருப்பைக்கு அந்த அரபுச் சொல்லைத்தான் வைத்திருக்கிறார்கள். கருப்பையின் அடி, கருப்பையின் கழுத்து. அகராதி எனக்கு அன்று பாதியைத்தான் சொல்லியிருந்தது என்று காய்ச்சலோடு அந்தக் கதிரையில் இருந்து விளங்கிக்கொண்டேன்.

நம் வீட்டில் ஐந்து வருடமாகப் பெயரில்லாமல் இருந்த நோய் இங்கே சுவரில் தாயும் மகளும் சிரிக்கும் படத்துக்கு மேலே எழுதிக் கிடக்கிறது. அந்த ஊசி பற்றிக் கீழே நான்கு வரி.

அறைத்தோழியிடம் கேட்டேன். கிளந்தானைச் சேர்ந்தவள், என் வயதுக்காரி. “அதுவா? ஃபோர்ம் ஒன்றில் போட்டார்களே” என்றாள், பாட்டா செருப்பு எங்கே வாங்கினாய் என்று கேட்டதற்குப் பதில் சொல்வது போல. மலேசியாவில் 2010 முதல் 13 வயதுப் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் இந்த ஊசியைப் போடுகிறார்கள். அவள் ஃபோர்ம் ஒன்றில் இருந்த வருடம் 2017. நான் தரம் 8இல் தப்பியதற்காகச் சந்தோஷப்பட்ட அதே வருடம், அதே வயதில், தென்சீனக் கடலோரத்தில் அவளுக்குப் போட்டிருக்கிறார்கள். போட்டதை அவள் மறந்தும் போயிருந்தாள். மறந்துபோகக்கூடிய அளவுக்குச் சின்ன விசயமாக அது அவளுக்கு நடந்திருக்கிறது என்பதில்தான் எனக்குப் பொறாமை.

இரண்டு நாள் கழித்து அதே கிளினிக்குக்குப் போய், எனக்கும் போடலாமா என்று கேட்டேன். வயது 20, போடலாம் என்றார்கள். அடுத்த கேள்வி பாஸ்போர்ட். அரசாங்கத் திட்டம் அந்நாட்டுப் பிரஜைகளுக்கானது, பாடசாலை வயதுக்கானது. நான் இரண்டுக்கும் வெளியே. என் மாணவர் காப்புறுதி காய்ச்சலுக்கும் காலுடைவுக்கும் காசு தரும், தடுப்பூசிக்குத் தராது. கைக்காசில் போட வேண்டும். ஓர் ஊசியே சில நூறு ரிங்கிட். மூன்று ஊசிக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் என்னுடைய பல மாதச் சாப்பாட்டுச் செலவு. தங்கச்சிக்கு நம் கல்லூரி மண்டபத்தில் சும்மா கிடைத்தது!

ஆளுக்கு ஆள், நாட்டுக்கு நாடு இது மாறுகிறது. அவுஸ்திரேலியா 2007இலேயே இந்த ஊசியைத் தேசியத் திட்டத்தில் சேர்த்த நாடு. ஆனால் அங்கே இலவசமாகப் பெற மெடிகெயார் உரிமை வேண்டும், வெளிநாட்டு மாணவர்களில் அனேகருக்கு அது இல்லை. பிரித்தானியாவில் பாடசாலையில் படிக்கும் பிள்ளை எந்த நாட்டுப் பிள்ளை என்று பார்ப்பதில்லை, வகுப்புக்கு வந்தால் எல்லோருக்கும்தான். அபுதாபியில் 2008இலேயே பாடசாலை மாணவிகளுக்குத் தொடங்கிவிட்டார்கள். வளைகுடாவில் வாப்பாவோடு வளரும் நம் ஊர்ப் பிள்ளைகள் தரம் 6ஐ அங்கே படித்துவிட்டு, தரம் 9இல் இங்கே வந்து சேர்கிறார்கள். அங்கேயும் போடாமல் இங்கேயும் போடாமல் நடுவில் விழுந்துபோகும் பிள்ளைகள் இவர்கள். சாச்சி பெப் பரிசோதனையில் விழுந்தது போல.

காசைச் சேர்த்தது தனிக்கதை. நம் நாட்டுக் குடும்பம் ஒன்றின் இரண்டு பிள்ளைகளுக்கு வார இறுதியில் கணிதம் சொல்லிக் கொடுத்தேன். சின்னவனுக்குப் பின்னம் விளங்கவைத்ததற்கே எனக்கு இரண்டு ஊசி தந்திருக்கலாம்.

ஊசியைப் போடுவதற்கு முன் அங்கிருந்த வைத்தியரிடம் நிறையக் கேட்டேன். அவர் ஒரு மலாய்ப் பெண், என் உம்மாவின் வயது இருக்கும். சலிக்காமல் பதில் சொன்னார். அவர் சொன்னதையும் பிறகு நான் தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் ஏறக்குறைய எல்லாமே இந்த மனித பப்பிலோமா வைரஸ் தொற்றினால் வருகிறது. இந்த வைரஸில் பல வகை. அதில் 16, 18 என்று இலக்கமிட்ட இரண்டு மட்டும் பத்தில் ஏழு பேருடைய நோய்க்குக் காரணம். இதை 1980களில் கண்டுபிடித்தவர் ஹரால்ட் சூர் ஹவுசன் என்ற ஜேர்மனியர், அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். தொற்று வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு உடம்பு தானே அதை விரட்டிவிடும். சிலரில் மட்டும் போகாமல் தங்கி, பத்து, பதினைந்து, இருபது வருடம் சத்தமில்லாமல் இருந்து புற்றாகிறது. உலகில் 2022இல் மட்டும் ஏறக்குறைய 660,000 பெண்களுக்கு இந்த நோய் வந்தது, ஏறக்குறைய 350,000 பேர் இறந்தார்கள். அந்த மூன்றரை லட்சத்தில் பெரும்பகுதி ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும்.

ஊசியில் வைரஸ் இல்லை. வைரஸின் மேலுறையில் இருக்கும் ஒரு புரதத்தை மட்டும் தனியாகச் செய்தால், அது தானாகவே உருண்டு வெற்றுக் கோதாகிறது. உள்ளே கரு இல்லாத முட்டைக்கோது மாதிரி. அது பெருகாது, நோய் தராது. ஆனால் உடம்பு அதைப் பார்த்து எதிரியை அடையாளம் படித்துக்கொள்கிறது. இதைச் செய்யும் வழியை அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஸ்கொட்லாந்தில் இருந்து குடியேறிய இயன் ஃபிரேசர். மற்றவர் சீனாவில் இருந்து வந்த ஜியான் சோ. சோவின் மனைவி சியாவோ யி சுன்னும் அதே ஆய்வுகூடத்தில் வேலை செய்தார். சோ 1999இல் காலமானார், ஊசி பாவனைக்கு வந்தது 2006இல். வெளிநாட்டில் வாழப் போனவர்களின் கையால் உண்டான ஊசி இது என்று வாசித்தபோது, பாஸ்போர்ட்டைக் காட்டிக் காசு கட்டிய எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

ஹலாலா என்று கேட்டேன். நம்மவர்கள் முதலில் கேட்பது அதைத்தானே. நான் போட்டுக்கொண்ட கார்டசில் ஊசியின் புரதம் ஈஸ்டில் வளர்க்கப்படுகிறது. பாண் பொங்குவதற்குப் போடுகிறோமே, அந்த இனத்து ஈஸ்ட். சில ஊசிகளில் சேர்க்கும் ஜெலட்டின் இதில் இல்லை.

பிறகு வீட்டுக்குச் சொன்னேன். அதுதான் ஊசியைவிட வலித்தது.

“கலியாணம் முடிக்காத புள்ளைக்கு என்னத்துக்கு அந்த ஊசி?” என்று உம்மா கேட்டா. ஒரு பெரியம்மாவும் பக்கத்தில் இருந்திருக்கிறா. “அது போட்டா புள்ள தரிக்காதாம். வேணாம் மகள், வாப்பாட காச வீணாக்காத.”

முதல் கேள்விக்குப் பதில் நேரானது. இந்த வைரஸ் தாம்பத்திய வாழ்வில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் போவது. வந்த பிறகு ஊசி அதை விரட்டாது. ஆகவே கலியாணத்துக்கு முந்தித்தான் ஊசி, அதனால்தான் தரம் 6. ஒழுக்கமாக இருக்கும் பெண்ணுக்கு வராது என்று ஒரு பேச்சு இருக்கிறதே, அதைத்தான் நான் உடைக்க விரும்புகிறேன். அறிகுறியே இல்லாமல் ஒருவர் உடம்பில் இந்த வைரஸ் வருடக்கணக்கில் இருக்கலாம். தனக்கு இருப்பது தனக்கே தெரியாது. ஒரு பெண் தன் வாழ்க்கையில் ஒரேயொரு ஆணை, நிகாஹ் செய்த கணவனை மட்டும் அறிந்தவளாக இருந்தாலும் அவளுக்கு வரலாம். சாச்சியைப் பற்றி ஊரில் இரண்டு பேர் குசுகுசுத்தது என் காதிலும் விழுந்தது. குவைத்தில் இருந்தவள்தானே என்றார்கள். தொழுகையும் நோன்பும் விடாத, பிள்ளைக்காக எட்டு வருடம் அடுத்தவர் வீட்டுத் தரை துடைத்த ஒரு பெண்ணின் ஜனாஸாவுக்குப் பின்னால் அந்தப் பேச்சு. அவ ஏன் இரத்தம் பட்டதைச் சொல்லாமல் இருந்தா என்று இப்போது எனக்கு விளங்குகிறது.

இரண்டாவது கேள்விக்கு, பெரியம்மாவுக்கு நான் அறிவியல் சொல்லவில்லை. அம்பாறையைச் சொன்னேன்.

2018 பெப்ரவரி கடைசியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவருடைய சாப்பாட்டுக் கடையில், கறிக்குள் கிடந்த ஒரு சின்னக் கட்டியைக் காட்டி, சிங்களப் பெண்களுக்குப் பிள்ளை இல்லாமல் ஆக்கும் மாத்திரை என்று ஒரு கூட்டம் சொன்னது. கடை அடித்து நொறுக்கப்பட்டது, பள்ளிவாசல் தாக்கப்பட்டது. சில நாட்களில் திகன எரிந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பரிசோதித்துச் சொன்னபோது அது மாச்சத்து, வெறும் மாக்கட்டி. நம் வீட்டில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரத்தில் நடந்தது இது. வாப்பா இரண்டு கிழமை அந்தப் பக்கம் வியாபாரத்துக்குப் போகவில்லை. பிள்ளை தரிக்காமல் செய்யும் மருந்து என்ற பொய்யால் அடிபட்டவர்கள் நாம். அடுத்த வருடம் குருநாகலில் ஒரு முஸ்லிம் வைத்தியர் மீதும் அதே பழிதான் வந்தது. “அந்தப் பொய்யை அவங்க நம்மட சோத்துல போட்டாங்க பெரியம்மா, நாம அத நம்மட புள்ளயள்ற ஊசில போடுறமே” என்றேன். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஃபோனை உம்மாவிடம் கொடுத்துவிட்டா.

உண்மையில் இந்த ஊசி பாவனைக்கு வந்து பதினொரு வருடத்தில், 2017 அளவில், உலகில் 270 மில்லியனுக்கு மேல் விநியோகமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்புக் குழு தொடர்ந்து பார்த்துவருகிறது. மலட்டுத்தன்மைக்கும் இதற்கும் தொடர்பு காணப்படவில்லை. பிள்ளை தரிப்பதைப் பறிப்பது நோய்தான். நோய்க்கு வைத்தியம் செய்யப்போனால் பலருக்குக் கருப்பையையே எடுக்க வேண்டியிருக்கிறது, அல்லது கதிரால் சூலகம் செயலிழக்கிறது. பெரியம்மா பயந்தது நடப்பது ஊசி போடாதவருக்கு.

உம்மா அன்றிரவு தனியாக அழைப்பு எடுத்தா. “சாச்சிக்கு வந்தது அதுதானா?” என்று கேட்டா. ஓம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, “2019ல அவட மகளுக்கும் ஸ்கூல்ல ஊசி போட்டாங்க. சாச்சி மகரகமவுல இருந்த நேரம். நான்தான் கூட்டிக்கொண்டு போய் விட்டேன்” என்றா. ஒரே வருடம், ஒரே நோய். தாய் கதிர்ச் சிகிச்சையில், மகள் தரம் 6 வரிசையில். இரண்டும் ஒன்று என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. நோய்க்கு நாம் பெயர் வைத்திருக்கவில்லையே!

மூன்று ஊசி ஏன் என்று கேட்பீர்கள். தரம் 6 பிள்ளைகளுக்கு இரண்டுதான். சின்ன வயதில் உடம்பு நன்றாகப் பிடித்துக்கொள்ளும். 15 வயதுக்கு மேல் தொடங்கினால் மூன்று என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். 20 வயது வரைக்கும் ஒன்று போட்டாலும் நல்ல பாதுகாப்புத்தான் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் சொல்லிவிட்டது. அதனால் பல நாடுகள் ஒன்றுக்கு மாறிவருகின்றன. வைத்தியர் இரண்டையும் எனக்குச் சொல்லி, தீர்மானம் உன்னுடையது என்றார். நான் மூன்று என்றேன். காசு இல்லாதவள் எடுக்கிற தீர்மானம் இல்லைதான். சாச்சியைப் பார்த்தவள் எடுக்கிற தீர்மானம்.

முதலாவது 2025 ஜனவரியில். கையின் மேற்பகுதியில், ஆடையை மடித்துவிடுகிற அளவுதான். திரைக்குப் பின்னால், பெண் தாதி. போட்ட பிறகு பதினைந்து நிமிடம் இருக்கச் சொன்னார்கள், இளம் வயதில் சிலருக்கு எந்த ஊசிக்கும் தலை சுற்றும். எனக்குச் சுற்றவில்லை. இரண்டு நாள் கை கனத்தது.

இரண்டாவது மார்ச்சில், நோன்பு. போஷாக்கு இல்லாத, தசையில் போடும் ஊசி நோன்பை முறிக்காது என்பதே இக்காலத்து உலமாக்களில் பெரும்பாலானோரின் கருத்து. ஆனாலும் வெறும் வயிற்றில் தலை சுற்றினால் என்ன செய்வது என்று இரவுக்கு வரச் சொன்னார்கள். தராவீஹுக்கு முந்திப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தோம். அறைத்தோழியும் துணைக்கு வந்தாள். திரும்பும் வழியில் எனக்குத் தயிர்ச்சோறு மாதிரி ஏதோ ஒன்று வாங்கித் தந்தாள், தேங்காய்ப்பாலாம். இன்றுவரை அதன் பெயர் எனக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் சிக்கல். ஆறாம் மாதம் ஜூலை, விடுமுறைக்கு ஊரில் நின்றேன். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் போய் விசாரித்தேன். மரியாதையாகப் பதில் சொன்னார்கள். இருக்கிறது, ஆனால் பாடசாலைப் பிள்ளைகளுக்கு எண்ணி வந்தது, வெளியாருக்குக் கொடுக்க முடியாது. சரியான பதில். எனக்கு ஒன்று தந்தால் எங்கோ ஒரு தரம் 6 பிள்ளைக்கு ஒன்று குறையும். வெளிநாட்டில் நான் வெளிநாட்டவள், என் ஊரில் நான் வயது கடந்தவள். கோம்பாக்கு வைத்தியருக்குச் செய்தி அனுப்பினேன். பிந்தினால் பரவாயில்லை, முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை, திரும்பி வந்து போடு என்றார். ஒக்டோபரில் போட்டேன். மூன்று திகதியும் ஊசியின் பெயரும் தொகுதி இலக்கமும் எழுதிய அட்டையைப் படம் பிடித்து மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் ஊசி போடுகிற எவருக்கும் நான் சொல்வது இதைத்தான். எந்த நாட்டு அரசாங்கமும் உங்கள் கணக்கை மற்ற நாட்டுக்கு அனுப்பி வைக்காது.

இந்த இதழை வாசிக்கும் தங்கைகளில் தரம் 6இல் படித்த வருடம் இங்கே இருந்தவர்கள் உம்மாவிடம் கேட்டு இரண்டு ஊசியும் போட்டாச்சா என்று பாருங்கள். அன்று காய்ச்சல், அன்று லீவு, பிறகு மறந்துபோச்சு என்று ஒன்றோடு நின்றவர்கள் இருப்பார்கள். வாப்பாவோடு கட்டாரிலோ சவூதியிலோ இருந்துவிட்டு வந்தவர்கள் கட்டாயம் கேளுங்கள். என்னைப் போல் கோட்டுக்கு மேலே நின்ற ராத்தாமாருக்கும் சொல்லுங்கள், கொழும்புத் தனியார் வைத்தியசாலைகளில் காசுக்கு விசாரிக்கலாம். ஊசி போட்டவளுக்கும் 35 வயதில் பரிசோதனை உண்டு, ஊசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.

உம்மாவுக்கு 35 ஆனபோது மிட்வைப் அழைத்துப் போகவில்லை. வெட்கம், வேலை, மழை என்று மூன்று காரணம் சொல்கிறா. 45இலும் அழைத்தார்கள், அப்போது சாச்சியின் வருடம். இப்போது 52. அழைக்கும் வயதெல்லாம் தாண்டிப் போயிற்று, தானாகக் கேட்டுப் போக வேண்டும். மிட்வைப்பின் நம்பரை எடுத்து நான்தான் இங்கிருந்து பேசினேன். கிளினிக்கில் பெண் வைத்தியர்தானாம், வரச் சொன்னார்கள். போன செவ்வாய்க்கிழமை உம்மா போயிருக்கிறா. பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறா.

“என்ன உம்மா, நோவு இருந்திச்சா?” என்று கேட்டேன்.

“வரிசைதான் நோவு” என்றா. “றிசல்ட் வர நாளாகுமாம். நீ சாப்பிட்டியா?”